மேலாளர் ‘பேட்ரனைஸிங்’ என்று எழுதினார், நான் நன்றி சொல்லிவிட்டேன்

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் அவர் குழுத் தலைவர். அவருக்குக் கீழே ஆறு பேர். அதில் மூன்று பேர் வேறு நாடுகளிலிருந்து வேலை செய்கிறார்கள். பேச்சு, எழுத்து எல்லாம் ஆங்கிலத்தில்தான். அண்மையில் வந்த ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் நிறையப் பாராட்டிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: குழுவினரிடம், குறிப்பாகப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், இவர் சில நேரம் ‘பேட்ரனைஸிங்’ ஆக நடந்துகொள்கிறார். வாசகி உடனே கைபேசி அகராதியைத் திறந்து ‘பேட்ரனைஸ்’ என்ற வினைச்சொல்லைத் தேடினார். ‘ஆதரி, புரவலராக இரு’ என்று வந்தது. மகிழ்ந்துபோய், “மிக்க நன்றி, இனி இன்னும் அதிகமாகச் செய்கிறேன்” என்று பதில் அனுப்பிவிட்டார். மேலாளரிடமிருந்து பேச்சே இல்லை. ஒரு வாரம் கழித்துத் தோழி ஒருத்தி உண்மையான அர்த்தத்தைச் சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது என்கிறார்.

ஒரே சொல் பாராட்டாகவும் குறையாகவும் எப்படி இருக்கும், மேலாளர் வேண்டுமென்றே இரட்டை அர்த்தத்தில் எழுதினாரா, உதவி செய்தது குற்றமா, மனிதவளத் துறையில் புகார் கொடுப்பதா, இல்லை வேலையையே விட்டுவிடுவதா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் இன்னொன்று: வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தன்னிடம் மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாராம். அதுவும் இதே கணக்கில் சேருமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் தெரிகிறது. அந்தப் பதிலை அனுப்பியதற்காக நீங்கள் உங்களை இவ்வளவு திட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறவர்களே தடுமாறுகிற சொல் இது. அதைத் தெளிவாக்கிவிட்டு உங்கள் அலுவலக விஷயத்துக்கு வருகிறேன். சொல் புரிந்தால் மேலாளர் என்ன சொல்ல வந்தார் என்பதும் பாதி புரிந்துவிடும்.

அகராதி சொன்னது பாதிதான்

உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டது. இந்த வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருளாக எது வருகிறது என்று பாருங்கள். கடை, விடுதி, நூலகம், நாடக அரங்கு என்று ஓர் இடம் வந்தால், அங்கே வாடிக்கையாகப் போவது என்று அர்த்தம். கலை, இசை என்று வந்தால், பணமோ செல்வாக்கோ கொடுத்து ஆதரிப்பது. இரண்டிலும் குறை எதுவும் இல்லை, கொஞ்சம் சம்பிரதாயமான ஆங்கிலம், அவ்வளவுதான். ஓர் ஆள் வந்தால் கதை மாறிவிடும். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை ‘பேட்ரனைஸ்’ செய்வது என்றால், அவருக்கு இது தெரியாது, அவரால் இது முடியாது என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு, மேலே நின்று கருணை காட்டுவது போல அவரை நடத்துவது. வெளியே பார்த்தால் அன்பு, உள்ளே ‘நீ என் மட்டத்துக்கு இல்லை’ என்கிற எண்ணம். ‘பேட்ரனைஸிங்’ என்று ஒருவருடைய குரலையோ சிரிப்பையோ நடத்தையையோ சொல்லும்போது அது குறைதான், சந்தேகம் வேண்டாம்.

அதனால் மேலாளர் இரட்டை அர்த்தம் வைத்து எழுதினார் என்கிற உங்கள் சந்தேகத்தை விட்டுவிடலாம். ஆங்கிலத்திலேயே புழங்குகிற யாரும் அந்த வரியைப் பாராட்டாகப் படிக்க மாட்டார்கள். நீங்கள் அப்படிப் படிப்பீர்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கவே வாய்ப்பில்லை. உங்கள் பதிலைப் பார்த்து அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம். நீங்கள் அவரைக் குத்திக்காட்டி எழுதியிருப்பதாகக்கூட அவர் நினைத்திருக்கக்கூடும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற சொற்கள் இன்னும் கெட்டுப்போகவில்லை. ஓர் அறக்கட்டளையின் ‘பேட்ரன்’ என்றால் மரியாதை. ‘உங்கள் பேட்ரனேஜுக்கு நன்றி’ என்று வாடிக்கையாளருக்கு எழுதலாம். ஆனால் ‘எங்களை பேட்ரனைஸ் செய்ததற்கு நன்றி’ என்று எழுதிவிடாதீர்கள், படிக்கிறவர் ஒரு கணம் திகைப்பார். எழுத்தில் எஸ் வந்தாலும் இசட் வந்தாலும் அர்த்தம் ஒன்றுதான். எஸ் பிரிட்டனில் அதிகம், இசட் அமெரிக்காவில்.

ஆதரவு எப்படி அவமதிப்பாக மாறியது என்று கேட்டிருந்தீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ‘பேட்ரன்’ என்பது ‘பத்ரோனுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மூலம், தந்தையைக் குறிக்கும் ‘பத்தேர்’. பழைய ரோமில் செல்வாக்குள்ள பத்ரோனுஸ் தன்னைச் சார்ந்தவர்களுக்கு வழக்கிலும் வறுமையிலும் துணை நிற்பார். அவர்கள் பதிலுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும். ஓர் அடிமையை எஜமானர் விடுதலை செய்தால், அதோடு உறவு முடிந்துவிடாது. விடுதலையானவருக்குப் பழைய எஜமானரே பத்ரோனுஸ் ஆகிவிடுவார். ஆள் சுதந்திரமானவர்தான், ஆனாலும் மேலே ஒருவர் இருந்துகொண்டே இருப்பார். உதவியும் மேல் கீழ் என்ற ஏற்பாடும் அன்றைக்கே ஒன்றாகப் பின்னிக்கிடந்தன.

ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இருக்கிறது. கசப்பான அர்த்தம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் சேர்ந்தது. அந்தக் கசப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனின் கடிதம் ஒன்று நல்ல சாட்சி. 1747இல் தன் அகராதித் திட்டத்தை அவர் செஸ்டர்ஃபீல்டு பிரபுவை விளித்து வெளியிட்டார். உதவி என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் வரவில்லை. தனியாகப் போராடி அவர் வேலையை முடிக்கும் தறுவாயில், பிரபு அந்த அகராதியைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரியில் ஜான்சன் அவருக்கு எழுதினார்: தண்ணீரில் உயிருக்குப் போராடுகிறவனை அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவி என்று வந்து அவனுக்குச் சுமையாகிறவர்தானே புரவலர்? அந்த ஆண்டே வெளிவந்த அகராதியில் ‘பேட்ரன்’ என்ற சொல்லுக்கு, பெரும்பாலும் திமிரோடு ஆதரித்து முகஸ்துதியைக் கூலியாகப் பெறுகிற இழிந்தவன் என்று விளக்கம் எழுதிவைத்தார். உதவி தேவைப்பட்ட நேரம் எது என்று தெரிந்துகொள்ளக்கூட பிரபு முயலவில்லை என்பதுதான் ஜான்சனை அவ்வளவு சுட்டது.

நீங்கள் அனுப்பிய மூன்று செய்திகள்

“நான் என்ன தவறாகப் பேசிவிட்டேன், நீங்களே பாருங்கள்” என்று குழுவுக்கு அனுப்பிய மூன்று செய்திகளைத் தமிழில் பெயர்த்து எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலாவது, புதிதாகச் சேர்ந்தவருக்கு அனுப்பியது: “கவலைப்படாதீர்கள், இது கொஞ்சம் சிக்கலான விஷயம், மெதுவாகச் சொல்கிறேன். பேக்கப் என்றால் தகவல்களை இன்னொரு பிரதி எடுத்து வைப்பது.” இந்த நபர் தரவுத்தளப் பணியில் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் என்று நீங்களே கடிதத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் கவலைப்பட்டதாகச் சொல்லவில்லை. சிக்கலாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. இரண்டையும் அவருக்காக நீங்கள் தீர்மானித்தீர்கள். செய்தியில் ஒரு கடுமையான சொல்கூட இல்லை, உண்மைதான். இருந்தாலும் அவர் படிக்கும்போது அவருடைய பதினைந்து ஆண்டும் காணாமல் போய்விட்டது.

இரண்டாவது: “அட, நீங்களே முடித்துவிட்டீர்களே! சூப்பர், டியர்!” இதில் பாராட்டைவிட ஆச்சரியம்தான் சத்தமாகக் கேட்கிறது. ‘நீங்களே’ என்பதன் கடைசியில் உள்ள அந்த ஏகாரத்தைக் கவனியுங்கள். உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்று அது சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையை ‘ஆக்சுவலி’ என்கிற சொல் செய்யும். ‘ஜஸ்ட்’, ‘சிம்ப்ளி’, ‘ஆப்வியஸ்லி’ ஆகியவையும் அப்படித்தான். ‘இதை ஜஸ்ட் இப்படிச் செய்தால் போதும்’ என்று படிக்கிறவர், இவ்வளவு எளிதானதுகூட நமக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறார்களே என்று சுருங்கிப்போவார்.

அப்புறம் அந்த ‘டியர்’. தமிழில் ‘சொல்லும்மா’, ‘சரிப்பா’ என்று சொல்கிற வாஞ்சையோடுதான் அதைப் போட்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அலுவலக ஆங்கிலத்தில் அந்த வாஞ்சை கூடவே போய்ச் சேராது. 2011 ஏப்ரலில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன், எதிர்க்கட்சி உறுப்பினர் ஆஞ்சலா ஈகிளைப் பார்த்து ‘காம் டவுன், டியர்’ என்றார். ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தின் வாசகம் அது, வேடிக்கையாகச் சொன்னதுதான் என்று அவர் தரப்பு விளக்கியது. ஒரு பெண் உறுப்பினரைக் குழந்தை போல நடத்திவிட்டார் என்ற கண்டனம் அந்த விளக்கத்தால் ஓயவில்லை. பிற்பாடு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது செய்திதான் எனக்குக் கவலை தந்தது. “அந்த மீட்டிங்குக்கு நானே போய்க்கொள்கிறேன், உங்களுக்கு எதற்கு அந்தத் தலைவலி?” சொற்கள் மிருதுவானவை, விளைவு அப்படி இல்லை. அந்தக் கூட்டத்தில் வாடிக்கையாளருக்கு முகம் தெரிந்திருக்கும், அடுத்த பொறுப்பு யாருக்கு என்ற பேச்சில் பெயர் அடிபட்டிருக்கும். தலைவலி வேண்டுமா வேண்டாமா என்று அவரைக் கேட்காமலே அந்த வாய்ப்பை எடுத்துவிட்டீர்கள். உங்கள் மேலாளர் எழுதியதற்கு ‘டியர்’ காரணமாக இருக்கும் என்று நீங்கள் ஊகித்திருந்தீர்கள். நான் கேட்டால், இதுதான் பெரிய காரணம் என்பேன்.

‘என் எண்ணம் நல்லதுதானே, அது போதாதா?’ என்று கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்கிறீர்கள். உங்கள் எண்ணம் நல்லது என்பதை நான் முழுதாக நம்புகிறேன். ஆனால் இந்தச் சொல்லின் எல்லைக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் நல்ல எண்ணம் கொண்டவர்கள்தான். கெட்ட எண்ணத்தோடு செய்தால் அதை ஏளனம் என்போம், மட்டம் தட்டுவது என்போம். முதியோர் பராமரிப்பில் இதை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். செல்லப் பெயர் வைத்து, குழந்தையிடம் பேசும் ராகத்தில், ‘நாம இப்போ மாத்திரை போட்டுக்கலாமா’ என்று பேசுவதற்கு ‘எல்டர்ஸ்பீக்’ என்றே பெயர் இருக்கிறது. மறதிநோய் உள்ளவர்களிடம் பராமரிப்பாளர்கள் இப்படிப் பேசும்போது, இயல்பாகப் பேசும்போது இருப்பதைவிட அவர்கள் பராமரிப்புக்கு அதிகமாக எதிர்ப்புக் காட்டுகிறார்கள் என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நினைவு மங்கியவருக்கே உறைக்கிறது என்றால், பதினைந்து ஆண்டு அனுபவசாலிக்கு உறைக்காமல் இருக்குமா?

ஆனால் உதவுவது குற்றமா என்ற கேள்விக்கு என் பதில், நிச்சயமாக இல்லை. கற்றுக்கொடுப்பதும் திருத்துவதும் உங்கள் வேலை. கேட்டவருக்கு, கேட்ட அளவுக்கு, அவருக்கு எங்கே புரியவில்லையோ அங்கிருந்து சொல்லிக்கொடுப்பதை யாரும் இந்தச் சொல்லால் குறிப்பிட மாட்டார்கள்.

புகாரா, ராஜினாமாவா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். தொனியைப் பற்றி மதிப்பீட்டில் எழுதிய ஒற்றை வரி, தனியாகப் பார்த்தால், பொதுவாகத் துன்புறுத்தல் என்ற வகையில் வராது. நாட்டுக்கு நாடு சட்டமும், நிறுவனத்துக்கு நிறுவனம் விதியும் மாறும் என்பதால் உங்கள் நிறுவனத்தின் மதிப்பீட்டு விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள். சொல்லின் அர்த்தம் புரியாமல் நன்றி சொன்னவர், புரிந்ததும் புகார் கொடுத்தார் என்று பதிவானால், உங்களுக்கு நியாயம் இருக்கும் இடத்திலும் உங்கள் பேச்சு எடுபடாமல் போகலாம்.

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. எந்தச் சம்பவத்தை வைத்து அப்படி எழுதினார் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். எடுத்துக்காட்டு இல்லாத விமர்சனத்தால் யாரும் திருந்த முடியாது. உங்கள் விளக்கத்தை எழுத்தில் மதிப்பீட்டோடு சேர்க்கப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: இதே மாதிரிப் பேசுகிற ஆண் குழுத் தலைவர்களை ‘அக்கறையானவர்’ என்றும், உங்களை மட்டும் ‘பேட்ரனைஸிங்’ என்றும் எழுதுகிறார்களா? எடுத்துக்காட்டே தர மறுக்கிறார்களா? இந்த ஒரு வரியைக் காட்டிப் பதவி உயர்வை நிறுத்துகிறார்களா? இதில் ஏதாவது நடந்தால், தேதியோடு குறித்துவைத்துக்கொண்டு மனிதவளத் துறைக்குப் போங்கள். அப்போது உங்கள் கையில் வழக்கு இருக்கும்.

முதல் வேலையாக மேலாளருக்கு ஒரு சிறிய மின்னஞ்சல். இப்படி இருக்கலாம்: “என் மதிப்பீட்டுக்கு நான் அனுப்பிய பதிலில், நீங்கள் பயன்படுத்திய ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டேன். இப்போது புரிகிறது. இதை முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கவனித்த ஓரிரு சம்பவங்களைச் சொன்னால் உதவியாக இருக்கும், இந்த வாரம் அரை மணி நேரம் பேசலாமா?” இவ்வளவு போதும். நீண்ட மன்னிப்பு வேண்டாம், அகராதியின் மேல் பழி போட வேண்டாம்.

இனிமேல் குழுவோடு

சிலர் இப்படி ஒரு விமர்சனம் வந்ததும் உதவுவதையே நிறுத்திவிடுவார்கள். ‘இனி யார் கேட்டாலும் கையேட்டைப் பார்க்கச் சொல்கிறேன்’ என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் குழுவில் முதல் வேலைக்கு வந்திருக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறாரே, அவர் திண்டாடிப்போவார். மாற்ற வேண்டியது தொடக்கத்தை மட்டும்தான். விளக்க ஆரம்பிக்கும் முன், ‘இதில் உங்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு பழக்கம்?’ என்று கேளுங்கள், பதிலை நம்புங்கள். கூட்டங்களுக்கு, ‘நீங்கள் போகிறீர்களா, நான் போகட்டுமா?’ என்று அவர்களிடமே விடுங்கள். பாராட்டும்போது எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ‘பிழையின் காரணத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள், அந்த லாக்கை, அதாவது கணினியின் பதிவுக் கோப்பைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்பது சக ஊழியர் பேச்சு. அதைக் கேட்டு யாரும் கூசிப்போக மாட்டார்கள்.

ஆறு பேரையும் கூட்டி வைத்துப் பொது மன்னிப்புக் கேட்கும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைமை வந்துவிடும். பேக்கப் விளக்கம் கொடுத்தீர்களே, அவரிடம் மட்டும் தனியாக, “உங்கள் அனுபவத்தை யோசிக்காமல் பேசிவிட்டேன்” என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்ன கையோடு அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் அவருடைய கருத்தைக் கேளுங்கள்.

அந்த வாடிக்கையாளர்

இது இதே கணக்கில் சேருமா என்றால், சேரலாம், சேராமலும் இருக்கலாம். இணைய அழைப்பில் ஒலி சரியில்லாமலோ, உங்கள் உச்சரிப்பு அவருக்குப் பழக்கமில்லாமலோ, அவருடையது உங்களுக்குப் பழக்கமில்லை என்று நினைத்தோ அவர் நிதானமாகப் பேசலாம். உங்களிடம் மட்டும்தான் அப்படியா என்று அடுத்த அழைப்பில் கவனியுங்கள். நீங்கள் சரளமாகப் பதில் சொன்ன பிறகும் அவர் அப்படியே தொடர்ந்தால், உங்களுக்கு உறுத்தியது நியாயமான உறுத்தல்தான்.

அப்போதும் ‘டோன்ட் பேட்ரனைஸ் மீ’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஆங்கிலத்தில் அது சண்டைக்கான வாக்கியம், அதற்குப் பிறகு வேலையைப் பற்றிப் பேச்சு நடக்காது. “நீங்கள் வழக்கமான வேகத்தில் பேசலாம், எனக்குத் தெளிவாகக் கேட்கிறது” என்று சொல்லுங்கள். அடிப்படையை விளக்க ஆரம்பித்தால், “இந்தப் பகுதி எனக்குப் பழக்கமானது, மூன்றாவது கட்டத்திலிருந்து போகலாம்” என்று சொல்லி, நீங்களே மூன்றாவது கட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். இரண்டு மூன்று அழைப்புகளுக்குப் பிறகும் மாறவில்லை என்றால் மேலாளரை ஓர் அழைப்பில் சேர்த்துக்கொண்டு, அவர் கவனித்ததைக் கேளுங்கள். அவருக்கு இந்தக் குறையைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்பதுதான் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியுமே.